சென்னைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: வாடகை வீடு பிடிக்கும் முன் போட வேண்டிய கணக்கு

சென்னையில் வேலை உறுதியாகிவிட்டது, சேர இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, அதற்குள் வீடு பார்த்துவிட வேண்டும் என்று ஊரிலிருந்தபடியே செல்போனில் தேடிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். படத்தில் டைல்ஸ் பளபளக்கிறது, வாடகை 14,000 என்று போட்டிருக்கிறது, கையில் இருப்பதற்குள் அடங்குகிறது, டோக்கன் அட்வான்ஸ் அனுப்பிவிடலாமா என்று கேட்கிறார்கள். அனுப்பாதீர்கள். நேரில் பார்க்காத வீட்டுக்கு ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். அதோடு, அந்த 14,000 மட்டும் உங்கள் மாதச் செலவாக இருக்கப் போவதில்லை. மெயின்டெனன்ஸ், தண்ணீர், கரண்ட், போக்குவரத்து, உரிமையாளரிடம் முடங்கிக் கிடக்கும் அட்வான்ஸ் எல்லாவற்றையும் கூட்டினால்தான் அந்த வீடு உங்களுக்கு எவ்வளவு செலவு வைக்கும் என்று தெரியும். வீடு தேடும் ஒவ்வொரு கட்டத்திலும் இந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்று பார்ப்போம்.

முதல் மாதம் அவசரம் வேண்டாம்

உறவினர் வீடு, நண்பர்களின் அறை, பிஜி, தனி ஆட்கள் அறை எடுத்துத் தங்கும் திருவல்லிக்கேணி மேன்ஷன், எதுவாக இருந்தாலும் சரி, முதல் ஒரு மாதம் தற்காலிகமாகத் தங்குங்கள். வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசு நடத்தும் தோழி விடுதிகள் இருக்கின்றன. தாம்பரம் சானடோரியத்தில் ஒன்று உண்டு. குடும்பத்தை அழைத்து வருபவர்களும் முதலில் தனியாக வந்து, வீடு அமைந்த பிறகு சாமான்களை ஏற்றுவது நல்லது. அந்த ஒரு மாதத்தில் காலை எட்டரை மணிக்கு அலுவலகம் போகிற வழி எப்படி இருக்கும், மாலை ஏழு மணிக்குத் திரும்புகிற வழி எப்படி இருக்கும் என்பது உடம்புக்குத் தெரிந்துவிடும். வரைபடத்தில் 12 கிலோமீட்டர் என்று காட்டுவது ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) ஒரு மாதிரி, பூந்தமல்லி சாலையில் வேறு மாதிரி. அதை யார் சொன்னாலும் புரியாது.

எவ்வளவு வாடகை தாங்கும்?

சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு வாடகைக்குப் போகலாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். கையில் வரும் சம்பளம் ஒரு லட்சம் என்றால் அது சரி. 30,000 வாங்குகிறவருக்குச் சரியே இல்லை. ஊருக்கு மாதாமாதம் பணம் அனுப்ப வேண்டும், கல்விக் கடன் தவணை போகிறது என்றால் கால் பங்கே கழுத்தைப் பிடிக்கும். அதனால் பங்குக் கணக்கை விட்டுவிட்டு, இப்படிப் பாருங்கள்.

கிண்டியில் வேலை என்று வைத்துக்கொள்வோம். கூடுவாஞ்சேரியில் ஒரு சிங்கிள் பெட்ரூம் 9,500, மெயின்டெனன்ஸ் 500, ரயில் சீசன் டிக்கெட்டும் ஷேர் ஆட்டோவும் சேர்ந்து 1,200. மொத்தம் 11,200. வேளச்சேரியில் அதே அளவு வீடு 15,000, மெயின்டெனன்ஸ் 1,500, பஸ்ஸுக்கு 700. மொத்தம் 17,200. வித்தியாசம் 6,000 ரூபாய். கூடுவாஞ்சேரியிலிருந்து வந்து போக ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் கூடுதலாகப் பிடித்தால், மாதம் 24 வேலை நாளுக்கு 36 மணி நேரம். அதாவது ஒரு மணி நேரத்தை 167 ரூபாய் கொடுத்து வாங்குகிறீர்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அது மலிவு. தனியாக இருக்கிற, ரயிலில் உட்கார்ந்து படிக்கிற ஒருவருக்கு அந்த 6,000 ரூபாயை மிச்சம் பிடிப்பதுதான் சரி. தொகைகளை எடுத்துக்காட்டுக்குத்தான் போட்டிருக்கிறேன். உங்களுக்குக் கிடைக்கும் தொகைகளைப் போட்டு, இரண்டு வீட்டையாவது ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

போக்குவரத்துச் செலவில் இரண்டு விஷயம் கவனியுங்கள். மாநகரப் பேருந்தின் சாதாரணக் கட்டண வண்டிகளில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் இல்லை. மற்றவர்களுக்கு 1,000 ரூபாய் மாதப் பாஸில் ஏசி தவிர்த்த மாநகரப் பேருந்துகளில் எத்தனை முறை வேண்டுமானாலும் போய் வரலாம். புறநகர் ரயில் சீசன் டிக்கெட் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். எனவே வீடு பஸ் நிறுத்தத்துக்கோ ரயில் நிலையத்துக்கோ நடக்கிற தூரத்தில் இருந்தால் மாதத்துக்கு ஆயிரம் இரண்டாயிரம் கையில் நிற்கும். வீட்டிலிருந்து நிலையத்துக்கே தினமும் ஆட்டோ என்றால் அந்த மிச்சமெல்லாம் அங்கேயே கரைந்துவிடும்.

எந்தப் பக்கம் தேடுவது

வாடகை ஏன் இப்படி ஏறிக் கிடக்கிறது என்று தெரிந்துகொண்டால் எங்கே தேடுவது என்பதும் விளங்கும். 2020-ல் கொரோனா வந்து ஐடி ஊழியர்கள் ஊருக்குத் திரும்பியபோது ஓஎம்ஆரில் வரிசையாக வீடுகள் காலியாகி வாடகை இறங்கியது. 2022-லிருந்து நிறுவனங்கள் ஆட்களை அலுவலகத்துக்குக் கூப்பிடத் தொடங்கியதும் எல்லாரும் ஒரே சமயத்தில் திரும்பி வந்தார்கள், வாடகையும் மளமளவென்று ஏறியது. வருடத்துக்கு ஐந்து சதவீதம் என்று எழுதிவைத்திருந்த உரிமையாளர்கள்கூட, குடியிருப்பவர் காலி செய்தால் அடுத்தவருக்கு மூவாயிரம் நாலாயிரம் கூட்டிக் கேட்க ஆரம்பித்தார்கள். அன்றிலிருந்து வேலை இருக்கும் இடத்துக்கு நடந்து போகிற தூரம்தான் நகரத்தின் விலை உயர்ந்த சரக்கு. பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், போரூர், மணப்பாக்கம் பக்கமெல்லாம் இதே கதைதான்.

இரண்டாம் கட்ட மெட்ரோ மூன்று வழித்தடங்கள், ஏறக்குறைய 119 கிலோமீட்டர். மாதவரத்திலிருந்து ஓஎம்ஆர் வழியாகச் சிறுசேரி சிப்காட் வரை ஒன்று, கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை ஒன்று, மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரை ஒன்று. இந்தப் பாதைகளில் வீடு பார்க்கப் போனால், “மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்துலயே வருது சார்” என்பதை வாடகையோடு சேர்த்தே சொல்வார்கள். வீட்டருகில் இன்றைக்கு ரயில் ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள். ஓடினால் கூடுதல் வாடகை கொடுக்கலாம். வெறும் தூண்தான் நிற்கிறது என்றால், குறைத்துக் கேட்க அதுவே காரணம்: தடுப்பு, தூசி, மாற்றுப் பாதை எல்லாவற்றையும் அனுபவிக்கப் போகிறவர் நீங்கள்தானே.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தெற்கையே பார்க்கிறார்கள். வேளச்சேரி, மடிப்பாக்கம், மேடவாக்கம், தாம்பரம் என்று நண்பர் சொன்ன இடத்திலேயே சுற்றுகிறார்கள். அலுவலகம் அண்ணா சாலையிலோ எழும்பூரிலோ அம்பத்தூரிலோ இருந்தால் வடக்கையும் மேற்கையும் கட்டாயம் பாருங்கள். பெரம்பூர், வில்லிவாக்கம், கொளத்தூர், கொரட்டூர், ஆவடி பக்கம் நல்ல வீடுகள் இருக்கின்றன. சென்ட்ரலிலிருந்து ஆவடி, திருவள்ளூர் போகும் மின்சார ரயில் அடிக்கடி உண்டு. 2021-லிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுவதால் திருவொற்றியூர், தண்டையார்பேட்டைக்காரர்கள் அண்ணா சாலைக்கு ஒரே ரயிலில் வந்துவிடுகிறார்கள். வட சென்னை என்றாலே ஒதுக்கிவைக்கும் பழக்கம் இந்த நகரத்தில் ரொம்ப நாளாக இருக்கிறது. அந்த ஒதுக்கலை நம்பி நீங்கள் மாதம் ஐயாயிரம் கூடுதலாகக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஜிஎஸ்டி (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பர் இறுதியில் திறந்தபின் வண்டலூர், ஊரப்பாக்கம் பக்கமும் கிராக்கி கூடியிருக்கிறது. அடிக்கடி தென் மாவட்டத்துக்குப் போய் வருகிறவர்களுக்கு வசதியான இடம்.

வீடு தேடும் வழி

ஆப்பில் பார்ப்பது விலை நிலவரம் தெரிந்துகொள்ள உதவும். ஆனால் பழைய குடியிருப்புப் பகுதிகளில் நல்ல வீடுகள் ஆப்புக்கு வருவதே இல்லை. கேட்டில் ஒரு டூ-லெட் அட்டை தொங்கும், இரண்டு நாளில் அது இறங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருத்தெருவாக நடங்கள். இஸ்திரி வண்டிக்காரர், மளிகைக் கடைக்காரர், வாட்ச்மேன் மூவரிடமும் விசாரித்தால் எந்த வீடு அடுத்த மாதம் காலியாகிறது என்பது வரை தெரியும்.

புரோக்கர் மூலம் போனால் ஒரு மாத வாடகை கமிஷன். வீடு முடிந்து ஒப்பந்தம் போட்ட பிறகுதான் அது. வீட்டைக் காட்டுவதற்கே முன்பணம் கேட்பவரிடம் பேச்சை வளர்க்காதீர்கள்.

காலம் பார்த்துத் தேடினால் பேரம் படியும். ஆடியிலும் மார்கழியிலும் பால் காய்ச்ச மாட்டார்கள், அதனால் அந்த மாதங்களில் காலியாகும் வீடு அப்படியே கிடக்கும். நம்பிக்கை இல்லாதவர்களுக்கு அது நல்ல வாய்ப்பு. ஆடி முதல் வாரத்தில் போய் நின்றால் உரிமையாளரே ஐந்நூறு ஆயிரம் குறைக்கத் தயாராக இருப்பார். நம்பிக்கை உள்ளவர்களும் ஆனி முடியும் முன் பால் மட்டும் காய்ச்சிவிட்டு, சாமானைப் பிறகு கொண்டு வருவதுண்டு. மே, ஜூன் மாதங்களில் பள்ளி மாற்றத்துக்காகக் குடும்பங்கள் அலைவதால் அப்போது தேடினால் விலை இறங்காது.

போவதற்கு முன் போனிலேயே கேட்டுவிட வேண்டிய கேள்விகள் இருக்கின்றன: பேச்சிலருக்குக் கொடுப்பார்களா, அசைவம் சமைக்கலாமா, பெற்றோர் வந்து தங்கலாமா. “நீங்க எந்த ஊரு, என்ன ஆளுங்க?” என்று சுற்றி வளைத்துச் சாதியை விசாரிக்கும் உரிமையாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். முஸ்லிம் பெயரைக் கேட்டதும் “இப்பத்தான் ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்தாரு” என்பார்கள். தனியாக வாழும் பெண்ணிடம் கேட்கக் கூடாததையெல்லாம் கேட்பார்கள். இவ்வளவு பெரிய நகரத்துக்கு இது வெட்கக்கேடு. வெளியூரிலிருந்து வந்து அரை நாள் அலைந்து வாசலில் அவமானப்பட வேண்டாம் என்பதற்காகத்தான் போனில் முதலில் கேளுங்கள் என்கிறேன். வங்கிக் கடனில் வாங்கி வாடகைக்கு விட்டிருக்கும் அடுக்குமாடி ஃபிளாட்டுகளின் உரிமையாளர்கள் வேறு எங்கோ இருப்பார்கள். அங்கே இந்த விசாரணை கொஞ்சம் குறைவு.

வீட்டைப் பார்க்கும்போது

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். ஒரே வீட்டைப் பகலில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை பாருங்கள்.

முதலில் தண்ணீர். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, குடமும் கையுமாகத் தண்ணீர் லாரிக்குக் காத்து நின்ற நகரம் இது. பிறகு நெம்மேலியில் இரண்டாவது கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் வந்திருக்கிறது, நிலைமை பரவாயில்லை. ஆனாலும் வீட்டுக்கு வீடு கதை வேறு. மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரியம்) இணைப்பு இருக்கிறதா, இருந்தால் குழாயில் நிஜமாகவே வருகிறதா, போர்வெல் எத்தனை அடி, கோடையில் லாரி வாங்குகிறார்களா, அந்தச் செலவு யார் தலையில் என்று வரிசையாகக் கேளுங்கள். 2011-ல் மாநகராட்சியோடு இணைந்த புறநகர்ப் பகுதிகளில், குறிப்பாக ஓஎம்ஆர் ஓரத்தில், பல அடுக்குமாடிகள் வருடம் முழுக்க லாரித் தண்ணீரில்தான் ஓடுகின்றன. பாதாளச் சாக்கடை இல்லாத இடத்தில் கழிவுநீரை எடுத்துப் போகவும் லாரிதான். மெயின்டெனன்ஸ் சதுர அடிக்கு 3 ரூபாய் என்றால் 1,000 சதுர அடி ஃபிளாட்டுக்கு மாதம் 3,000. அதற்குள் தண்ணீர் அடங்குமா, கோடையில் தனியாக வசூலிப்பார்களா என்பதை அசோசியேஷன் செயலாளரிடமோ எதிர் வீட்டுக்காரரிடமோ கேளுங்கள். உரிமையாளருக்கே சில சமயம் தெரியாது.

கேட்டதோடு விடாமல் கையால் பாருங்கள். குளியலறைக் குழாயின் கழுத்தில் வெள்ளையாகப் பொறுக்குத் தட்டியிருந்தால் உப்புத் தண்ணீர். ஷவரைத் திறந்தால் பாதித் துளைகள் அடைத்திருக்கும். வெள்ளை டைல்ஸில் வாளி வைக்கும் இடத்தில் செம்பழுப்பு வட்டம் இருந்தால் தண்ணீரில் இரும்பு அதிகம். ஒரு வாளி பிடித்துப் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள், நிறம் மாறுகிறதா என்று. சமையலறைக் குழாயும் குளியலறைக் குழாயும் ஒரே டேங்கிலிருந்து வருகின்றனவா என்றும் கேளுங்கள். குடிக்க கேன் வாங்க வேண்டியிருந்தால் அதையும் மாதக் கணக்கில் சேருங்கள்.

அடுத்தது வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று தெருவில் மூன்று பேரிடம் கேளுங்கள். முடிச்சூர், வரதராஜபுரம், வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை எல்லாம் அடிபட்ட இடங்கள். ஆனால் அதே வேளச்சேரியில் முழங்கால்கூட நனையாத தெருவும் இருக்கிறது, தரைத்தளம் மூழ்கிய தெருவும் இருக்கிறது. எனவே ஏரியாப் பெயரை வைத்து ஒதுக்காமல் தெருவை விசாரியுங்கள். மதிற்சுவரில் ஒரே மட்டத்தில் ஓடும் பழைய கறை, இரண்டு படி ஏற்றிக் கட்டிய புது வாசல், இடுப்புக்கு மேல் தூக்கி மாட்டிய மீட்டர் பெட்டி எல்லாம் பதில் சொல்லும். கார் வைத்திருப்பவர்கள் மழைக்காலத்தில் எங்கே நிறுத்துகிறார்கள் என்றும் கேளுங்கள். கனமழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டி நிற்பது எல்லாருக்கும் தெரியும்.

மூன்றாவது, கரண்ட். உங்கள் போர்ஷனுக்குத் தனி ஈபி மீட்டர் இருக்கிறதா, அல்லது உரிமையாளர் மாட்டிய சப்-மீட்டரா? தனி மீட்டர் என்றால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியான கட்டணம். இரண்டு மாதத்துக்கு 240 யூனிட் ஓடுகிற சின்னக் குடும்பத்துக்கு இப்போதைய கட்டணத்தில் 500 ரூபாய்க்குள் முடிந்துவிடும். அதே 240 யூனிட்டைச் சப்-மீட்டரில் யூனிட்டுக்கு 9 ரூபாய் என்று வாங்கினால் 2,160. ஏறக்குறைய மாதம் 800 ரூபாய் அதிகம், வருடத்துக்குப் பத்தாயிரத்தை நெருங்குகிறது. வாடகையில் ஐந்நூறு குறைத்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டவர்கள் இதில் ஏமாறுகிறார்கள். ஈபி எண்ணைக் குறித்துக்கொண்டு, பழைய பாக்கி இருக்கிறதா என்று ஆன்லைனில் பாருங்கள். ஏசி போடுவதாக இருந்தால், மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் வீட்டையும் மேற்கு பார்த்த படுக்கையறையையும் மதியம் மூன்று மணிக்கு ஒருமுறை போய் நின்று பாருங்கள். இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளின் கட்டணமும் மாறிவிடும், பில் சட்டென்று எகிறும்.

மற்றவை சுருக்கமாக: செல்போன் சிக்னல், டூவீலர் நிறுத்த மூடிய இடம், லிஃப்டுக்கு ஜெனரேட்டர், ஜன்னலில் கொசுவலை, குப்பை வண்டி வரும் நேரம், இரவில் தெருவிளக்கு.

அட்வான்ஸ் பேச்சு

சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்பது நெடுநாள் வழக்கம். இப்போது பலர் ஐந்து, ஆறு மாதத்துக்கு இறங்கி வந்திருக்கிறார்கள். ஆனால் சட்டம் இன்னும் கீழே இருக்கிறது. 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2017-ல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தாலொழிய, குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. வீட்டைக் காலி செய்து ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு, அதைத் திருப்பித் தர வேண்டும்.

சட்டம் கையில் இருக்கிறது என்று எடுத்த எடுப்பில் சண்டைக்கு நிற்க வேண்டாம். வீட்டை ஆர்வமாகப் பார்த்து, வாடகையை ஒப்புக்கொண்ட பிறகு பேசுங்கள்.

“சார், வாடகை நீங்க சொன்னதே சரி. பத்து மாசம் அட்வான்ஸ் மட்டும் எங்களால முடியாது. சட்டப்படி மூணு மாசம், அதையே வச்சுக்கலாமே.”

“அதெல்லாம் யாரும் பாக்குறதில்ல தம்பி. நாளைக்கு நீங்க வாடகை தராம போயிட்டா?”

“ஒவ்வொரு மாசமும் ஒண்ணாம் தேதியே உங்க கணக்குக்குத் தானா போற மாதிரி பேங்க்ல போட்டுத் தர்றேன். கம்பெனி ஐடியும் தர்றேன். அக்ரிமென்டையும் முறையாப் பதிஞ்சிடலாம்.”

உரிமையாளரின் பயத்துக்குப் பதில் சொன்னால் பாதிப் பேர் இறங்கி வருவார்கள். மூன்றுக்கு வராவிட்டால் நான்கு ஐந்தில் முடியலாம். அதற்குச் சம்மதிப்பதா என்பது உங்கள் முடிவு. ஆனால் அதன் விலை என்ன என்று தெரிந்து சம்மதியுங்கள். 15,000 வாடகைக்குப் பத்து மாதம் 1,50,000. மூன்று மாதம் என்றால் 45,000. கூடுதலாகக் கொடுக்கும் 1,05,000 ரூபாயை 14 சதவீத வட்டியில் பெர்சனல் லோன் எடுத்துக் கொடுத்தால் வருடத்துக்கு 14,700, மாதம் 1,225 வட்டி. உங்கள் வாடகை உண்மையில் 16,225. வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில் அம்மாவின் நகையை அடகு வைத்து அட்வான்ஸ் கொடுக்கிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது. மூன்று மாதம் என்ற வரியைச் சட்டத்தில் எழுதியது அவர்களுக்காகத்தான். கூச்சப்படாமல் கேளுங்கள்.

அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வாடகையைக் குறைத்துக் காட்டச் சொன்னாலோ, ஒப்பந்தத்தில் சிறிய தொகையை எழுதி மீதியைக் கையில் கேட்டாலோ ஒத்துக்கொள்ளாதீர்கள். திரும்ப வாங்கும்போது ஆதாரம் இருக்காது.

லீஸ் என்று இன்னொரு முறை உண்டு. எட்டு லட்சம் பத்து லட்சம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருப்பது. சொந்தக்காரரைத் தெரியும், வில்லங்கம் பார்த்தாயிற்று என்றால் யோசிக்கலாம். புதிதாக வருகிறவர் வேண்டாம். வீடு வங்கிக் கடனில் மூழ்கினாலோ, நடுவில் பணம் வாங்கியவர் காணாமல் போனாலோ வாழ்நாள் சேமிப்பு போய்விடும்.

ஒப்பந்தம்

பதினோரு மாத ஒப்பந்தத்தை ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கையெழுத்திட்டு பீரோவில் வைப்பதுதான் வழக்கம். புதிய சட்டப்படி எத்தனை மாத ஒப்பந்தமாக இருந்தாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். தமிழக அரசின் வாடகை ஒப்பந்தப் பதிவு இணையதளத்தில் விண்ணப்பித்தால் ஒரு பதிவு எண் தருவார்கள். பின்னாளில் தகராறு என்றால் அந்த எண் பெரிய பலம்.

கையெழுத்துக்கு முன் வீட்டு வரி ரசீதும் ஈபி கார்டும் யார் பெயரில் இருக்கின்றன என்று பாருங்கள். உங்களிடம் பணம் வாங்குகிறவரும் அவரும் வேறு ஆள் என்றால் ஏன் என்று கேளுங்கள். ஒப்பந்தத்தில் இவை தெளிவாக இருக்கட்டும்: வாடகை, மெயின்டெனன்ஸ் யார் கட்டுவது, வருடத்துக்கு எத்தனை சதவீதம் ஏறும், காலி செய்ய எத்தனை மாத நோட்டீஸ், மோட்டார் கெட்டால் யார் செலவு, பெயின்ட் அடிக்க எவ்வளவு பிடிப்பார்கள். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பெயின்டிங் கூலி என்று கழித்துக்கொள்வது இங்கே சகஜம். ஆறே மாதத்தில் காலி செய்தாலும் கழிப்பார்கள். இத்தனை வருடத்துக்குள் காலி செய்தால் பிடித்தம் இல்லை, அல்லது உண்மையான கூலியில் பாதி என்று முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள்.

உரிமையாளர் நினைத்த நேரத்தில் சாவி போட்டு உள்ளே வர முடியாது, முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்துத்தான் வர வேண்டும். வாடகைத் தகராறுக்காகத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தவும் கூடாது. இரண்டும் சட்டத்தில் இருக்கின்றன.

குடிபோகும் நாளில்

சாமான் இறங்கும் முன், காலி வீட்டை மெயின் கதவிலிருந்து பால்கனி வரை வீடியோ எடுத்து, அன்றைக்கே உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். சுவர் விரிசல், கழிவறைக் கறை, உடைந்த ஸ்விட்ச், ஒழுகும் குழாய் எல்லாம் அதில் வரட்டும். ஈபி மீட்டர் ரீடிங்கையும் படம் எடுங்கள். போலீஸ் நிலையத்தில் கொடுக்க வேண்டிய குடியிருப்போர் விவரப் படிவத்தை உரிமையாளர் கேட்டால் நிரப்பிக் கொடுங்கள். அது உங்களுக்கும் முகவரிச் சான்று போல உதவும். கேஸ் இணைப்பை மாற்ற ஒப்பந்த நகல் கேட்பார்கள்.

வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தெடுத்து வீட்டு வாடகைப் படிக்கு விலக்குக் கேட்பவர்கள், வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் உரிமையாளரின் பான் எண் தர வேண்டும். மாதம் 8,333-க்கு மேல் என்றாலே இது வரும். பான் தர மாட்டேன் என்பவர் பின்னால் மனம் மாறுவது அபூர்வம், அதனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டு முடித்துவிடுங்கள். புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்த விலக்கே இல்லை.

காலி செய்யும்போது

ஒப்பந்தத்தில் உள்ள நோட்டீஸ் காலத்தை எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னது கணக்கில் வராது. அட்வான்ஸைத் தர மாட்டாரோ என்று பயந்து கடைசி இரண்டு மாத வாடகையைக் கட்டாமல் கழித்துக்கொள்ளும் பழக்கம் பரவலாக இருக்கிறது. உரிமையாளர் ஒத்துக்கொண்டால் அது நல்ல ஏற்பாடுதான், ஒத்துக்கொள்ளாமல் செய்தால் பாக்கிதாரர் ஆகிவிடுவீர்கள். கடைசி நாளில் மீண்டும் ஒரு வீடியோ, ஒரு மீட்டர் ரீடிங். அதுவரையிலான கரண்ட் பில்லையும் மெயின்டெனன்ஸையும் கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பிடித்தம் எதற்கு எவ்வளவு என்று கணக்கை எழுதித் தரச் சொல்லுங்கள். அட்வான்ஸ் முழுவதும் அன்றைக்கே கைக்கு வராவிட்டால், மீதி எந்தத் தேதிக்குள் எந்தக் கணக்குக்கு வரும் என்று வாட்ஸ்அப்பிலாவது ஒரு வரி வாங்கிக்கொண்ட பிறகு சாவியைக் கொடுங்கள்.